இழுப்பறை வீடு

பலேர்மோ நகரத்து ரயில்வே ஸ்டேஷனிலிருந்து தெற்கே இறங்கும் நெடுந்தெருவுக்கும், அத்தெருவைச் சூழ்ந்த குடியிருப்புக்கும், அப்பால் மலையிலிருந்து இறங்கிக் கடலில் கலக்கும் சிற்றாற்றுக்கும் ஒரேத்தோ என்றே பெயர். அந்த ஆற்றைக் கடப்பதற்கென்று பன்னிரண்டாம் நூற்றாண்டில், இரண்டாம் ரோஜர் மன்னனுடைய கடற்படைத் தலைவனாயிருந்த அந்தியோக்கியா நகரத்து ஜார்ஜ் என்பவன் கட்டுவித்த கற்பாலம் இன்றும் கட்டுக்குலையாமல் நிற்கிறது. ஆனால் அதன் வளைவுகளுக்கு அடியில் இப்போது ஓடுவது தண்ணீரல்ல, வளர்ந்திருப்பது புல். அடிக்கடி வந்த வெள்ளத்துக்கு அஞ்சி 1938-இல் ஆற்றை வேறு பக்கம் திருப்பிவிட்டார்கள். பாலம் நின்ற இடத்திலேயே நிற்க, ஆறு மட்டும் குடிபெயர்ந்துவிட்ட அந்த விசித்திரமான பிரதேசத்தில்தான், சுவரை வெளியே தள்ளி வீட்டைப் பெரிதாக்கிக்கொண்டு, மறுபடி அதை உள்ளே இழுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகும் ஒரு குடும்பத்தின் சங்கடத்தை அருகிலிருந்து பார்க்கும் சந்தர்ப்பம் எனக்கு வாய்த்தது.

யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவருடைய விருந்தாளியாக நான் அங்கே தங்கியிருந்தது நவம்பர் மாதத்து முதல் வாரத்தில். 1983-ஆம் வருஷத்துக் கலவரத்துக்குப் பிறகு உலகெங்கும் சிதறிய ஈழத்தமிழரில் ஒரு பகுதியார் இந்த ஸிஸிலித் தீவிலும் கரையேறினார்கள்; சைவரும் கிறிஸ்தவருமாக அவர்கள் பெல்லெக்ரீனோ மலையில் ஏறி, 1624-ஆம் வருஷத்துக் கொள்ளைநோயிலிருந்து நகரத்தைக் காத்தவள் என்று ஊரார் போற்றும் ரோஸலியா அம்மையின் குகைக்கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வருவது இன்று அந்நகரத்தின் சாதாரணக் காட்சிகளில் ஒன்று. நான் போயிருந்த சமயம் இறந்தோர் தினத்தை ஒட்டிய நாட்கள். நவம்பர் 2-ஆம் தேதிக்கு முந்தின இரவில் குடும்பத்து முன்னோர்கள் வந்து, தூங்கும் குழந்தைகளுக்குப் பொம்மைகளும் சர்க்கரையில் வார்த்த பாவைகளும் வைத்துவிட்டுப் போகிறார்கள் என்பது அவ்வூர் ஐதிகம். நாம் பிதிர்களுக்குப் படைக்கிறோம். அங்கே பிதிர்கள் பேரப்பிள்ளைகளுக்குப் படைக்கிறார்கள். அதை முன்னிட்டுச் சந்தை கூடும். சந்தை கூடுமிடத்தில் ராட்டினக்காரர்களும் வந்து சேருவார்கள்.

சந்தை கலைந்த மறுநாள், ஆற்றங்கரைப் பக்கத்துக் காலிமனை ஒன்றில் ஒரு ராட்டினக்காரக் குடும்பம் மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. ராட்டினம் பிரிக்கப்பட்டு லாரியில் ஏறிவிட்டது. லாரிக்குப் பின்னால் கட்டி இழுக்கவேண்டிய வீடு, அதாவது நம்மவர் சினிமாப் படப்பிடிப்புக் காரணமாக நன்கு அறிந்திருக்கும் கேரவன், மட்டும் கிளம்ப மறுத்தது. அதன் ஒரு பக்கத்துச் சுவர், ஜன்னலும் சோபாவுமாகச் சேர்ந்த ஒரு முழு அறையாக, ஏறக்குறைய இரண்டடி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. உள்ளே போகவேண்டிய அந்த அறை பாதி வழியில் நின்றுவிட்டது. பித்தானை அழுத்தினால் அடியில் மோட்டார் முனகியது; அறை அசையவில்லை. மேகம் கறுத்துக்கொண்டு வந்தது.

சங்கடத்தின் சொரூபம் விளங்க வேண்டுமானால், இப்படி ஒரு நீட்டும் அறை எதற்காக ஏற்பட்டது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். சக்கரத்தின்மேல் வீடு கட்டுகிறவனுக்கு முதல் சத்துரு தச்சனோ கொல்லனோ அல்ல, சாலைச் சட்டம். ஐரோப்பியச் சாலைகளில் ஒரு வாகனம் 2.55 மீட்டருக்கு மேல் அகலமாயிருக்கக் கூடாது. அமெரிக்காவில் 102 அங்குலம், அதாவது ஏறக்குறைய 2.59 மீட்டர். சுவர்களின் கனம் போக உள்ளே எஞ்சுவது எட்டடிக்கும் குறைவு. அதில் ஒரு பக்கம் அடுப்பும் அலமாரியும், மறுபக்கம் சோபாவும் மேஜையும் வைத்துவிட்டால், நடுவில் இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பின்வாங்கித்தான் மற்றவருக்கு வழிவிட வேண்டும். நீளத்தை ஓரளவு கூட்டலாம். உயரத்தைப் பாலங்கள் தடுக்கும். ஓடும்போது சட்டத்துக்கு அடங்கிய அகலமும் நிற்கும்போது குடித்தனத்துக்கு ஏற்ற அகலமும் வேண்டுமென்றால், சுவரே நகர்ந்தாக வேண்டும்.

இந்த யோசனை ஊர்சுற்றிப் பிழைப்பவர்களுக்குப் புதிதல்ல. இத்தாலியில் அப்படிப் பிழைக்கும் ஸர்க்கஸ்காரர்களுக்கும் ராட்டினக்காரர்களுக்கும் 1968 மார்ச் 18-ஆம் தேதியிட்ட 337-ஆம் எண் சட்டம் என்று தனிச் சட்டமே இருக்கிறது. அவர்களுடைய தொழிலுக்குச் சமூகப் பயன் உண்டென்று அங்கீகரித்து, அவர்கள் கூடாரமடிப்பதற்குரிய இடங்களின் ஜாபிதாவை ஒவ்வொரு நகரசபையும் தயாரித்து வைத்திருக்கவேண்டும் என்று அது விதிக்கிறது. வருஷத்தில் பெரும்பகுதியைச் சக்கரத்தின்மேல் கழிக்கும் அத்தகைய குடும்பங்களுக்கு நீளும் சுவர் ஆடம்பரமல்ல. பிள்ளைகள் படிக்கவும் பாட்டி படுக்கவும் அந்த இரண்டடிதான் இடம். அமெரிக்காவில் உல்லாசப் பிரயாணிகளுக்கான மோட்டார் வீடுகளில் இதைப் பரவலாக்கிய பெருமை இண்டியானா மாநிலத்து நாப்பனீ என்ற சிற்றூரிலுள்ள நியூமார் கம்பெனியைச் சேரும். 1990-இல் அவர்கள் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகு, சில வருஷங்களுக்குள் சுவர் நீளாத பெரிய கேரவனை வாங்க ஆளில்லை என்ற நிலை வந்துவிட்டது.

நிற்க. காலிமனைக்கு வருவோம்.

என் நண்பருடைய மருமகன் பகலில் ஒரு வயோதிகரைப் பராமரிக்கும் வேலை பார்ப்பவர். ஆனால் ஊரில் இருந்த காலத்தில் கராஜில் தொழில் பழகியவர். யந்திரம் முனகும் சப்தம் கேட்டால் அவருடைய கால் தானாகவே அந்தப் பக்கம் திரும்பும். ராட்டினக்காரர் பித்தானை மேலும் மேலும் அழுத்துவதைக் கண்டதும் அவர் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டு, "பியானோ, பியானோ" என்றார். சங்கீத வாத்தியத்தின் பெயராக நாம் அறிந்த அந்தச் சொல்லுக்கு இத்தாலியர் பேச்சில் மெள்ள மெள்ள என்று அர்த்தம். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்:

"ஐயா, இதைப் பெரிய மெஷின் எண்டு நினையாதேங்கோ. எங்கட வீட்டு அலுமாரி லாச்சி மாதிரித்தான். ஒரு பக்கத்தை மட்டும் பிடிச்சு இழுத்தா மற்றப் பக்கம் இறுகிப் போம்."

லாச்சி என்பது இழுப்பறைக்கு யாழ்ப்பாணத்தார் வழங்கும் சொல். டச்சுக்காரர்கள் விட்டுப்போன சொத்துக்களில் ஒன்று. நாமோ அதையே இழுப்பறை என்கிறோம். மேஜைக்கு ஏற்பட்ட அந்தப் பெயர், எந்தப் பண்டிதரும் திட்டமிடாமலே, இந்தக் கேரவன் அறைக்கு எழுத்துக்கு எழுத்து பொருந்திவிடுவதை எண்ணி நான் வியந்தேன். இழுக்கப்படும் அறை; வேறென்ன சொல்ல? அவர் சொன்ன உபமானத்தில் சாஸ்திரமும் முழுவதும் அடங்கியிருந்தது. அகலமான இழுப்பறையை ஒரு மூலையில் பிடித்து இழுத்தால் அது கோணலாகத் திரும்பி, எதிரெதிர் மூலைகள் இரண்டும் சட்டத்தில் முட்டிக்கொள்ளும். மேலும் பலம் பிரயோகித்தால் மேலும் இறுகுமே தவிர நகராது. கேரவன் அறையும் அப்படியே. பத்தடி பன்னிரண்டடி நீளமுள்ள, பல நூறு கிலோ எடையுள்ள ஓர் அறையின் இரு ஓரங்களும் ஒரே சமயத்தில், ஒரே வேகத்தில் நகரும்படி செய்வதுதான் இதில் உள்ள யந்திர வித்தை அனைத்தும்.

அந்தக் கேரவனில் இருந்தது, அறையை நகர்த்தும் ஏற்பாடுகளுள் பழையதும் மிகவும் நம்பத்தகுந்ததுமான ஒன்று. அறையின் அடியில் இரண்டு இரும்புச் சட்டங்கள். ஒவ்வொன்றின் முதுகிலும் ரம்பம்போல் வரிசையாகப் பற்கள். அந்தப் பற்களைக் கவ்விக்கொண்டு சுழலும் இரண்டு சிறிய பற்சக்கரங்கள். இரு சக்கரங்களையும் வண்டியின் நீளவாக்கில் ஒரு நீண்ட அச்சு இணைக்கிறது. ஒரே மோட்டார் அச்சைச் சுழற்ற, இரண்டு ஓரங்களும் ஒன்றாக நகர்கின்றன. மோட்டாரோடு ஒரு பிரேக் இருக்கும்; மின்சாரம் நின்றதும் அது கெட்டியாகப் பிடித்துக்கொள்வதால், ஓடும் வண்டியில் அறை தானே வெளியே வராது. திருவாரூர்த் தேரை நகர்த்துவதற்குச் சன்னையும் நிறுத்துவதற்கு முட்டுக்கட்டையும் போல, ஓட்டுவதற்கு ஒன்றும் பிடிப்பதற்கு ஒன்றும் இதில் உண்டு என்று வைத்துக்கொள்ளலாம்.

"உள்ளுக்கு ஏதும் கிடக்குதோ எண்டு முதல்ல பாப்பம்" என்று நண்பருடைய மருமகனான அந்தத் தம்பி உள்ளே போனார். நானும் போனேன். அறையின் தரை வண்டியின் தரையைச் சந்திக்கும் இடைவெளியில் டார்ச் அடித்துத் தேடியதில் குற்றவாளி அகப்பட்டது: பொருள்களின்மேல் எறிந்து பரிசு பெறும் விளையாட்டுக்குரிய மரவளையம் ஒன்று. மூட்டை கட்டும் அவசரத்தில் உருண்டு போய், ஓடுதடத்தில் விழுந்து, நகரும் அறையின் ஒரு மூலையில் ஆப்பாக மாட்டிக்கொண்டிருந்தது. அந்த மூலை நின்றுவிட, மறுமூலை மாத்திரம் இரண்டு விரற்கடை உள்ளே வந்து, அறை கோணிக்கொண்டது. வளையத்தைத் திருகி எடுத்த பிறகும் அறை அசையவில்லை. காரணம், அரைமணி நேரம் பித்தானை அழுத்தியதில் பாட்டரி சோர்ந்துவிட்டது. எர்த் கம்பியின் முனையிலோ பச்சைக் களிம்பு பூத்திருந்தது.

இந்தக் களிம்பைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும்; ஏனெனில் இத்தகைய அறைகள் நகர மறுக்கும் சந்தர்ப்பங்களில் பெரும்பாலும் குற்றம் அறையில் இராது, மின்சாரத்தில்தான் இருக்கும். பன்னிரண்டு வோல்ட் பாட்டரி என்பது நிறைந்திருக்கும்போது 12.6 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும். 12 வோல்ட் காட்டினால் அது ஏறக்குறைய முக்கால் பங்கு காலியான பாட்டரி. மேலும் அது சும்மா இருக்கையில் காட்டும் கணக்கு; அறையை இழுக்கும் மோட்டார் ஏராளமான மின்னோட்டத்தை உறிஞ்சும்போது களிம்பேறிய முனை குறுக்கே நின்றுவிட்டால், மோட்டாருக்குப் போய்ச்சேரும் வோல்ட் இன்னும் குறைந்து, அது முனகுமே அன்றி இழுக்காது. ஆகையால் கைப்பிடியைத் தேடுவதற்கு முன்னால் ஃபியூஸைப் பார், பாட்டரியை அள, கம்பிமுனையைச் சுரண்டு என்பது கிரமம். தம்பி சுரண்டினார். மாற்றுப் பாட்டரிக்கு வழியில்லை, மழையோ நெருங்கிவிட்டது. கையால் இழுப்பதே உபாயம் என்று முடிவாயிற்று.

கைப்பிடி எங்கே? இந்தக் கேள்விக்கு அந்த வீட்டில் ஐந்து பேரும் ஐந்து பதில் சொன்னார்கள். கடைசியில் அது பாட்டியின் கட்டிலுக்கு அடியில், பழைய போர்வை சுற்றி, வாங்கிய நாளில் ஒட்டிய சீட்டுக்கூடக் கிழியாமல் கிடந்தது.

பிறகு நடந்ததை நான் கிரமமாகப் பார்த்தேன். முதலில் தம்பி ரசமட்டத்தை வண்டித் தரையில் வைத்து, ஒரு பக்கம் தாழ்ந்திருந்ததை ஜாக்கியால் தூக்கிச் சமன்செய்தார். சரிந்த வண்டியில் அறையை மேட்டுப்பக்கம் இழுப்பது வீண் பிரயத்தனம். இரண்டாவதாகப் பாட்டரியின் கம்பியைக் கழற்றினார். கையால் சுற்றிக்கொண்டிருக்கும்போது யாராவது ஆர்வத்தில் பித்தானை அழுத்திவிட்டால், சுற்றுகிறவனுடைய மணிக்கட்டு போய்விடும். மூன்றாவதாக வண்டிக்கடியில் படுத்து மோட்டாரின் பிரேக் நெம்புகோலைத் திருப்பித் தளர்த்தினார். அதன் பிறகுதான் கைப்பிடியைச் சொருகினார். ராட்டினக்காரரையும் அவர் மகனையும் வெளியே அறையின் இரு மூலைகளிலும் நிறுத்தி, உள்ளங்கைகளை விரித்துச் சமமாகத் தள்ளச் சொன்னார். பின்தங்கிய மூலையில் நின்ற மகனுக்கு மாத்திரம் கொஞ்சம் கூடுதலாக. உள்ளே நின்று பார்க்கும் பொறுப்பு எனக்கு. அலமாரிக் கதவு, மேஜைவிளிம்பு, தொங்கும் துணி எதுவும் சிக்காமல் கவனிக்கவேண்டும், சிக்கினால் கத்தவேண்டும்.

ஒரு சுற்றுக்கு அறை ஒரு நெல்மணி நீளம் நகர்ந்தது. நான் எண்ணினேன். பத்தாவது சுற்றில் கோணல் நிமிர்ந்து, இரண்டு மூலைகளும் சமமாயின. அப்போது இரும்பிலிருந்து ஒரு நீண்ட பெருமூச்சு வந்தது போலிருந்தது. அதற்கப்புறம் வேலை ஒரே சீராக நடந்தது. இரண்டடி தூரத்தை நெல் நெல்லாக அளப்பதென்றால் பல சுற்றுக்கள் சுற்றாமல் தீராது. முழு அறையின் பாரத்தை ஒற்றைக் கை நகர்த்துகிறதே என்ற ஆச்சரியத்துக்கு விடையும் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது: பல் பல்லாகக் குறைத்துக்கொண்டுபோகும் சக்கரங்கள் பலத்தைப் பெருக்கித் தருகின்றன, ஆனால் அதற்குரிய விலையைத் தூரத்திலும் நேரத்திலும் வசூலித்துக்கொள்கின்றன. இதே தீவின் கிழக்குக் கரையிலுள்ள ஸிரக்யூஸ் நகரத்தில் இருபத்திரண்டு நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஆர்க்கிமிடீஸ், ஆளும் சரக்கும் ஏற்றிய கப்பலைத் தூரத்தில் உட்கார்ந்தபடி ஒரு கையால் இழுத்துக் காட்டியதாகப் புளூடார்க் எழுதிவைத்திருக்கிறார். கப்பலை நான் பார்க்கவில்லை. சோபாவையும் ஜன்னலையும் பார்த்தேன். எனக்கு அது போதும்.

அறை உள்ளே வந்து, சுற்றிலுமுள்ள ரப்பர் விளிம்பு சீராக அமுங்கியதும், குடும்பத்தார் கைதட்டினார்கள். தம்பி தட்டவில்லை. மறுபடி வண்டிக்கடியில் போய்ப் படுத்தார். தளர்த்திய பிரேக்கைத் திரும்ப மாட்டுவதற்காக! எல்லோரும் மறப்பது இதைத்தான். மறந்தால், மலைப்பாதைத் திருப்பத்தில் அந்த அறை தன்னிஷ்டத்துக்கு வெளியே கிளம்பி, எதிரே வரும் வண்டியைத் தழுவிக்கொள்ளும்.

எல்லாக் கேரவன்களிலும் இதே ஏற்பாடுதான் என்று நினைத்துவிடக் கூடாது. சிலவற்றில் பற்சட்டங்கள் அடியில் இல்லாமல், அறையின் இரு பக்கச் சுவர்களிலேயே அலுமினியத் தடங்களாகப் பதிக்கப்பட்டிருக்கும். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சிறு மோட்டார்கள், அவற்றின் சுற்றுக்களை எண்ணி இரண்டையும் சமமாக ஓட்டும் ஒரு மின்னணுப் பலகை. ஷ்வின்டெக் என்ற பெயரால் வழங்கும் இந்த வகை இலேசானது, இடத்தை அடைக்காதது. ஆனால் எண்ணிக்கை பிசகினால் பலகை பிடிவாதமாக நின்றுவிடும். அறை கடைசிவரை போய்ச் சேர்ந்த பிறகும் இரண்டு மோட்டார்களும் தாமாக ஓயும்வரை பித்தானை அழுத்திக்கொண்டிருக்க வேண்டும் என்று அதைச் செய்தவர்கள் சொல்வதன் காரணம் அதுதான். முன்னதாகக் கையை எடுக்கும் வழக்கமுள்ளவர்களுடைய அறை நாளடைவில் கோணலாகிறது. இதற்குக் கைப்பிடி கிடையாது. பலகையில் உள்ள பித்தானைக் குறித்த முறைப்படி பலதடவை அழுத்திக் காவலைத் தளர்த்தி ஓட்டிப் பார்க்கலாம். அதுவும் பலிக்காவிட்டால், மோட்டார்களைத் தடத்திலிருந்து விலக்கிவிட்டு நாலைந்து பேர் சேர்ந்து கையால் தள்ள வேண்டியதுதான். தள்ளிய பின் கட்டையால் முட்டுக்கொடுக்காமல் ஓட்டக் கூடாது, ஏனெனில் பிடித்துக்கொள்ள அங்கே எதுவும் மிச்சமில்லை.

பெரிய, பாரமான அறைகளை எண்ணெய் அழுத்தத்தால் தள்ளுவதும் உண்டு. அதில் பம்பின் வால்பக்கத்தில் ஒரு முனை இருக்கும். வேண்டிய அறையின் வால்வை மாத்திரம் திறந்து, மற்றவற்றை மூடி, சாதாரண டிரில் மெஷினால் அந்த முனையைச் சுழற்றினால் எண்ணெய் ஓடி அறை நகரும். முடிந்ததும் வால்வைத் திரும்ப மூடவேண்டும். பிரேக்கைப் பற்றிச் சொன்னதெல்லாம் இதற்கும் பொருந்தும். நான்கு மூலைகளிலும் எஃகுக் கம்பிகளைக் கட்டி இழுக்கும் வகையும் ஒன்று இருக்கிறது. என் அபிப்பிராயத்தில், அடியிலோடும் பழைய பற்சட்டத்துக்கு இவற்றில் எதுவும் ஈடல்ல. மின்சாரமில்லாமல், மழையில் படுத்துக்கொண்டும் கையாலேயே சரிசெய்யக்கூடியது அது.

மழை பிடித்தபோது ராட்டினக்காரர் லாரியைக் கிளப்பிவிட்டார். போகும்முன் அந்த வீட்டுப் பாட்டி, முதல்நாள் சந்தையில் விற்காமல் மீந்த ஒரு சர்க்கரைப் பாவையைத் தம்பியின் பெண்குழந்தைக்கென்று காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள்.

கனடாவிலும் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் விடுமுறைக்கு இத்தகைய வண்டியை வாடகைக்கு எடுத்துக் குடும்பத்தோடு காட்டுக்கும் ஏரிக்கும் போகும் நம்மவர் இன்று அநேகர். உங்களுடைய பிள்ளையோ மருமகனோ அப்படிக் கிளம்பினால், சாவியை வாங்கும்போதே மூன்று விஷயங்களை வாடகைக்காரரிடம் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்: அறை எந்த வகை, கைப்பிடி எங்கே, பிரேக்கை எப்படித் தளர்த்திப் பழையபடி மாட்டுவது. வெயிலிருக்கும்போதே ஒருதடவை செய்து காட்டச் சொல்லவும் வேண்டும். வெட்கப்பட வேண்டாம், கட்டிலுக்கடியில் இருபது நிமிஷம் தேடியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.